ஐஸ் பெட்டியில் ஒரு பூஜ்யம்

டாக்டர் சுந்தரமூர்த்தி எதைப் பேசுவதானாலும் முதலில் தொண்டையைச் செருமுவார். லேசான செருமல் என்று நினைத்துவிடாதீர்கள். அடித்தொண்டையிலிருந்து கிளம்பி, சபையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். அந்தச் சத்தம் வந்ததுமே வகுப்பில் முதல் வரிசை மாணவிகள் நோட்டைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார்கள். குறிப்பெடுக்கத் தயாராகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார். தன்னைப் பற்றி மனிதருக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம்.

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகிற சாலையில், மலைக்கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. அதில் கிருமிகளைப் பற்றிப் பாடம் எடுக்கும் துறைக்கு அவர்தான் தலைவர். தலைவர் என்றால் போதுமா? போதாது. முதல்வர் நாற்காலி என்று ஒன்று இருக்கிறதே! அதில் இருந்தவர் மார்கழி மாதத்தோடு ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து சுந்தரமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. "நாற்காலிய நெனச்சுக்கினே ரசத்தை ஆற வெக்கிறீங்க. அது இன்னா, ஓடியா போயிடும்?" என்று அவர் மனைவி தேவயானி தினமும் கேட்டாள். ஓடிப்போய்விடும் என்றுதான் அவர் பயந்தார்.

அவர் ஒன்றும் வேலை தெரியாத ஆள் இல்லை. முன்பு அரசாங்க வேலையில் இருந்தபோது, அக்கினி வெயிலில், பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் தடுப்பூசி மருந்தைக் குளிர்ச்சி கெடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர். ஒரு குப்பி வீணானதில்லை. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்த மனிதர். அதற்காகக் கலெக்டர் கையால் கேடயம் வாங்கி, அதை வரவேற்பறையில் டிவிக்கு மேலே வைத்திருக்கிறார். நல்ல வேலைதான், யார் இல்லையென்றது? ஆனால் ஒரு வேலையில் பேர் வாங்கியவர், அதற்குப் பிறகு எந்த வேலைக்குப் போனாலும் பழைய வேலையையே செய்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கே ஆனது.

டெல்லியிலிருந்து ஒரு ஆராய்ச்சி வந்தது. மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வுக்குள் புகுந்து, ஒரே நாளில் ஆளைச் சாய்க்கிற காய்ச்சல் ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டுவருகிற கிருமிகளில் ஒன்று மெனிங்கோகாக்கஸ். பெயர்தான் இவ்வளவு நீளம்; ஆள் சாதுவாகத்தான் இருப்பான். நூறு பேரில் சிலருடைய தொண்டையின் பின்பக்கத்தில், வாடகை கொடுக்காத விருந்தாளியாக மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். அவர்களுக்கு ஒன்றும் செய்யமாட்டான். அவர்கள் இன்னொருவர் முகத்துக்கு நேரே இருமினால், பக்கத்தில் இருக்கிற யாரோ ஒரு பாவப்பட்ட உடம்புக்குள் போய்த் தன் குணத்தைக் காட்டுவான். பெருங்கூட்டம் கூடுகிற ஊர்களில் எத்தனை தொண்டைகளில் இது குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இருக்கிறதென்றால் தடுப்பூசி ஆராய்ச்சியும் அங்கேயே நடக்கும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் சாலை கொள்ளாமல் வருகிற திருத்தணியை விட்டால் வேறு ஊர் ஏது?

கல்லூரித் தாளாளர் துளசிங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. மலையடிவாரத்தில் லாட்ஜுகளும் கல்யாண மண்டபமும் வைத்திருக்கிறவர் அவர்.

"இன்னா டாக்டரே, தொண்டையில கிருமி கீதுன்னு பேப்பர்ல போட்டா எவன் ரூம் எடுப்பான்? ஆந்திராக்காரன் அப்படியே திருப்பதிக்குத் திரும்பிப் பூடுவான்."

"ஆராய்ச்சி ஐயா. இருந்தா இருக்கும், இல்லன்னா இல்ல."

"ஆங், அதான் சொல்றேன். இல்லன்னா நல்லாருக்கும். முதல்வர் சீட்டுக்கு நானும் ஒரு நல்ல ஆளைத்தான் தேடிக்கினு இருக்கேன்."

சுந்தரமூர்த்தி பொய்க் கணக்கு எழுதுகிற ஆள் இல்லை. அந்த நேர்மை அவரிடம் உண்டு. அது இல்லாமல் இருந்திருந்தால்கூடக் காரியம் இவ்வளவு கெட்டிருக்காது. ஏனென்றால் பொய் சொல்கிறவனுக்காவது உண்மை எது என்று தெரிந்திருக்கும்.

ஆடிக் கிருத்திகை அன்று சரவணப் பொய்கைப் பக்கம் பந்தல் போட்டு, நர்ஸிங் மாணவிகளை நீளமான பஞ்சுக் குச்சிகளோடு நிறுத்தினார்கள். தலையை மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு பெரியவர், பிரசாதம் என்று நினைத்துக் கண்ணை மூடி வாயைத் திறந்தார். குச்சி உள்நாக்கைத் தொட்டதும் தெலுங்கில் ஏதோ சொன்னார். அது ஆசீர்வாதம் இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. அலகு குத்திக்கொண்டு வந்தவர்களை எப்படி வாயைத் திறக்கச் சொல்வது என்று கல்பனா என்ற முதலாண்டு மாணவி ஓடிவந்து கேட்டாள். கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில் இட்லிக் கடை வைத்திருக்கிற வசந்தியின் மகள். கெட்டிக்காரப் பெண், வாயும் கொஞ்சம் நீளம். "அவங்களை விட்டுடும்மா," என்றார் சுந்தரமூர்த்தி பெருந்தன்மையாக.

குச்சிகள் நேராக ஐஸ் பெட்டிக்குள் போயின. அவர் கண் முன்னாலேயே, அவர் கையாலேயே, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வரிசையாகப் படுக்கவைக்கப்பட்டன. தாய்கூடப் பிள்ளையை அப்படிப் படுக்கவைக்க மாட்டாள்.

துறையில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் உதவிப் பேராசிரியை பிரபாவதி பெட்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"சார், இந்தக் கிருமிக்குக் குளிர் ஆகாதே. எடுத்த கையோட தட்டுல தேய்ச்சுடணும். முடியலன்னா வெளிய வெச்சாக்கூடப் பரவாயில்ல. ஐஸ்ல வெச்சா செத்துப்போயிடும் சார்."

"பிரபாவதி, நான் ஐஸ் பெட்டி தூக்கினப்போ நீ ஸ்கூல் பை தூக்கிக்கினு இருந்தம்மா."

"அது தடுப்பூசி சார். இது கிருமி. உங்க பேர்ல வந்திருக்கிற கைடுலயே போட்டிருக்குதே."

அந்தக் கைடை எழுதியவர்கள் அவருடைய மேற்படிப்பு மாணவர்கள். அட்டையில் இருந்த போட்டோ மட்டும்தான் அவருடையது. அவர் அட்டையைத் தாண்டி உள்ளே போனதில்லை.

"அது பழைய எடிஷன்," என்று செருமினார்.

ஆய்வகத்தில் தட்டுகள் தயாராக இருந்தன. ரத்தத்தைச் சூடாக்கிப் பழுப்பு நிறமாக்கி ஊற்றுவதால் அவற்றுக்குச் சாக்லேட் தட்டு என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரியில சாக்லேட்டு எவன் துன்றான்?" என்று துளசிங்கம் ஒருமுறை ஆளனுப்பி விசாரித்தார். தட்டுகளில் குச்சிகளைத் தேய்த்து, கிருமிக்குக் கரியமில வாயு வேண்டும் என்பதால் ஜாடிக்குள் மெழுகுவர்த்தி கொளுத்தி மூடி, கதகதப்பான பெட்டிக்குள் வைத்தார்கள். செத்தவனுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினால் எழுந்து வருவானா? மறுநாளும் ஒன்றும் முளைக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அத்தனை ஆயிரம் தொண்டைகளில் ஒன்றில்கூட இல்லை. பூஜ்யம்.

"ஒண்ணுகூட இல்லாம இருக்காது சார். எந்த ஊர்லயும் அப்படி வந்ததில்ல. நம்ம முறையிலதான் தப்பு," என்றாள் பிரபாவதி.

"எந்த ஊர் மாதிரியும் இல்லாத ஊர்தாம்மா இது. மேல யாரு இருக்காருன்னு மறந்துட்டியா?" என்று ஜன்னல் வழியாக மலையைக் காட்டினார் சுந்தரமூர்த்தி. தன் கைப்பிழைக்கு முருகனைச் சாட்சிக்கு இழுத்தார். முருகன் என்ன, மேலிருந்து இறங்கி வந்து மறுக்கவா போகிறார்!

சோளிங்கர் சாலையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேனர் எழுந்தது. 'கிருமி இல்லாத் திருத்தணி' என்று எழுதி, சுந்தரமூர்த்தியின் முகத்தை ஆளுயரத்துக்குப் போட்டிருந்தார்கள். கூடவே இன்னொரு காரியமும் நடந்தது. தொண்டையில் குச்சி விட்ட மாணவிகளுக்கும் ஆய்வகத்தாருக்கும் போடுவதற்கென்று டெல்லியிலிருந்து தடுப்பூசி வந்து, பண்டிகைக்கு முன்னால் நேரமில்லை என்று அவர் தள்ளிப்போட்டதில், அப்படியே இருந்தது. இல்லாத கிருமிக்கு ஊசி எதற்கு? அவரே முன்நின்று, ஐஸ் பெட்டியில் அடுக்கி, குளிர்ச்சி துளியும் கெடாமல் திருப்பி அனுப்பினார். இவ்வளவு நேர்த்தியாகத் திரும்பி வந்த மருந்தைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று டெல்லிக்காரர்கள் பாராட்டினார்கள்.

பாராட்டு விழா துளசிங்கத்தின் கல்யாண மண்டபத்தில் நடந்தது. சால்வை, மாலை, ஆளுயர வேல். பத்திரிகைக்காரர்களுக்குப் படம் வேண்டுமே என்று, சுந்தரமூர்த்தி மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கல்பனாவைக் கூப்பிட்டார். "எப்படி எடுத்தோம்னு செஞ்சு காட்டும்மா," என்று வாயைத் திறந்தார். கல்பனா குனிந்து குச்சியை உள்ளே விட்டாள். கேமராக்காரர் இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்றார். குச்சி பட்டதும் அந்தப் புகழ்பெற்ற தொண்டை சும்மா இருக்குமா? பொங்கிக்கொண்டு வந்தது இருமல், நேராக அந்தப் பெண்ணின் முகத்தில். சபை சிரித்தது. அவளும் சுடிதார் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் குச்சியும் வழக்கப்படி ஐஸ் பெட்டிக்குள் போனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் காலை, கல்பனாவை விடுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் கொதித்தது. தலைவலி என்று கத்தியவள், கொஞ்ச நேரத்தில் கத்துவதையும் நிறுத்திவிட்டாள். பணியில் இருந்த இளம் டாக்டர் தணிகைமணி, அவள் தலையைத் தூக்கிப் பார்த்தான், கழுத்து மடங்கவில்லை. அவனுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தவன் நேராகச் சிகிச்சையை ஆரம்பித்திருக்கலாம். மரியாதை தெரிந்த பையன், போன் போட்டான்.

"சார், நம்ம நர்ஸிங் கல்பனாவுக்குக் கழுத்து விறைச்சிருக்கு. மூளைச்சவ்வுக் காய்ச்சலா இருக்குமோன்னு பயமா இருக்கு. முதுகுத்தண்டுல நீர் எடுத்து உங்க லேபுக்கு அனுப்பட்டுங்களா?"

சுந்தரமூர்த்தி செரும மறந்தார். பேரைக் கேட்டதும் மேடையும் குச்சியும் கண் முன்னால் வந்துவிட்டன. தெரியாமல் செய்தார் என்று யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். அந்த ஒரு நிமிடம் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. 'எடு' என்று சொன்னால், நீர் வரும், அதில் கிருமி வரும், பூஜ்யம் போகும், பூஜ்யத்தோடு நாற்காலியும் போகும்.

"ஊரெல்லாம் பேனர் வெச்சிருக்கோம், பாக்கலையா நீ?" என்றார். "வைரஸ் காய்ச்சலா இருக்கும். பாராசிட்டமால் போட்டு வை. நாளைக்குப் பாக்கலாம்."

தணிகைமணி சரி என்று வைத்துவிட்டான். பகல் முழுக்க அந்தப் பெண் கட்டிலில் கிடந்தாள். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்த வசந்தி, வராந்தாவில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒவ்வொருவரையும் மறித்தாள். சாயங்காலம் அப்படி மறித்தது பிரபாவதியை.

"டாக்டரம்மா, பாப்பா கண்ணு தொறக்க மாட்டேங்குது. அனத்திக்கினே கீது. காலெல்லாம் சேப்பு சேப்பா இன்னாவோ வந்துக்கினு கீது, கொசுக்கடின்றாங்க. எந்தக் கொசும்மா இப்டிக் கடிக்கும்?"

பிரபாவதி ஓடினாள். மேஜை மேலிருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து, அந்தச் சிவப்புப் புள்ளிகளின் மேல் அழுத்தினாள். சாதாரணத் தடிப்பென்றால் அழுத்தினால் வெளுக்கும். இது வெளுக்கவில்லை. அதற்குமேல் அவள் யாரையும் கேட்கவில்லை. தணிகைமணியைத் திட்டிய திட்டில் வார்டே திரும்பிப் பார்த்தது. ஊசி மருந்து ஏறத் தொடங்கியது. முதுகுத்தண்டு நீரை எடுத்து, ஐஸில் வைக்காமல், கையிலேயே பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தாள்.

"பாருங்க சார்," என்று மைக்ராஸ்கோப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

சுந்தரமூர்த்தி பார்த்தார். இளஞ்சிவப்பாக, மொச்சைக் கொட்டையை இரண்டிரண்டாக ஒட்டவைத்த மாதிரி, எங்கே பார்த்தாலும் அவன். அத்தனை ஆயிரம் தொண்டைகளில் இல்லாதவன்.

"சாயம் சரியா ஏறலை போல," என்றார்.

"வாயத் தொறங்க சார்."

"என்னது?"

"அந்தப் பொண்ணு கிட்ட இருந்தவங்க எல்லாருக்கும் தொண்டையில எடுத்துக்கினு இருக்கேன். நீங்க மட்டும் மேடையில அவ மூஞ்சியிலயே இருமினீங்க. தொறங்க."

முதல்முறையாக ஒரு குச்சி அவர் தொண்டையிலிருந்து ஐஸ் பெட்டியைப் பார்க்காமல், சூடு ஆறாமல், நேராகச் சாக்லேட் தட்டுக்குப் போனது. மறுநாளே முளைத்தது. தட்டு கொள்ளாமல், சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று, விருந்து வீட்டுக் கூட்டம் போல முளைத்தது. கல்பனாவின் முதுகுத்தண்டில் இருந்ததும் இதுவும் ஒரே ரகம்.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பயத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "என்கிட்ட இருந்தா அவளுக்குப் போச்சு?" என்று கேட்டார்.

"யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு உறுதியா சொல்ல முடியாது சார்," என்றாள் பிரபாவதி. படித்தவள், உள்ளதைச் சொன்னாள். "ஆனா காலையிலயே ஊசி போடாம விட்டது யாருன்னு சொல்லலாம்."

முதல் வாக்கியத்தை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அன்றே மாத்திரை விழுங்கித் தொண்டையைச் சுத்தம் செய்துகொண்டார்.

இனி தலை தப்பாது என்று துளசிங்கத்தின் வீட்டுக்குப் போனார். ராஜினாமா செய்கிற முகத்தோடு விஷயத்தைச் சொன்னார், தொண்டை யாருடையது என்பதைத் தவிர. துளசிங்கம் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"கிருமி கெடச்சா டெல்லிக்காரன் அந்த ஊசி ஆராய்ச்சிய இங்கயே வெப்பான்னு சொன்னியே, அது இன்னா ஆச்சு?"

"வைப்பாங்க ஐயா. பெரிய திட்டம் அது."

"லாட்ஜுல வந்து தங்குவானுங்களா?"

"மாசக்கணக்குல தங்குவாங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு கீற? கிருமியக் கண்டுபுடிச்சது யாரு? நாமதானே!"

ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய பேனர் இறங்கியது. காலையில் அதே கம்பத்தில், அதே முகத்தோடு, 'கொடிய கிருமியைக் கண்டறிந்த திருத்தணியின் பெருமை' ஏறியது. இல்லை என்றதற்கு ஒரு சால்வை, இருக்கிறது என்றதற்கு இன்னொரு சால்வை. ஆரோக்கியமான ஒருவருடைய தொண்டையில் கிடைத்த அந்தக் கிருமிக்குத் 'திருத்தணி ஒன்று' என்று பெயர் வைத்து டெல்லிக்கு அனுப்பினார்கள், இந்தத் தடவை ஐஸ் இல்லாமல். அந்த ஆரோக்கியமான நபர் யார் என்று நிருபர்கள் கேட்டபோது, "ஆராய்ச்சி நெறிமுறைப்படி பெயரை வெளியிடக் கூடாது," என்றார் சுந்தரமூர்த்தி. அன்றுவரை நெறிமுறை என்ற சொல்லை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. உள்ளுக்குள் அவருக்கு லேசான பெருமைகூட இருந்தது, சொன்னால் நம்புங்கள். ஒரு கிருமிக்கு ஊர்ப் பெயர் கிடைப்பது சாதாரண விஷயமா?

தை பிறந்தது. நாற்காலியும் கிடைத்தது. சுழல்கிற நாற்காலி.

மாசி மாதத்தில் ஒருநாள் கல்பனா திரும்பி வந்தாள். பிழைத்துவிட்டாள். வகுப்பில் மறுபடியும் சேர முதல்வரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வசந்தியை வெளியே பெஞ்சில் உட்கார்த்திவிட்டு, அவளை மட்டும் உள்ளே அனுப்பினான் பியூன். இளைத்துப்போயிருந்தாள். முடி வெட்டியிருந்தார்கள். மேஜைக்குப் பக்கவாட்டில், ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். அங்கிருந்து மலை தெரியும்.

சுந்தரமூர்த்தி கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். எதுவோ அவரை விடவில்லை. அந்த மாதங்களில் அவர் தூக்கத்தில் எத்தனையோ முறை இந்தப் பெண் குனிந்து அவர் வாய்க்குள் பார்த்திருக்கிறாள். பியூன் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, செருமக்கூடச் செய்யாமல், தணிந்த குரலில் சொன்னார்.

"அது என் தொண்டையில இருந்ததும்மா. அந்த ஆரோக்கியமான ஆளு நான்தான். அன்னைக்குக் காலையிலயே டாக்டர் கேட்டாரு, எடுக்கட்டுமான்னு. நான்தான் வேணாம்னேன். தெரிஞ்சேதான் வேணாம்னேன். உனக்கு ஊசி போட வேண்டியது, அதையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். என்னை மன்னிச்சுடும்மா."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து கல் இறங்கியது. எவ்வளவு நாளாயிற்று இப்படி மூச்சுவிட்டு! அவர் கண் கலங்கியது. தான் எவ்வளவு நல்லவன் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்துவிட்டாள், பெரிய மனசு, என்று நினைத்துக்கொண்டார்.

கல்பனா திரும்பினாள். அவர் உதடு அசைந்ததை ஓரக்கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

"சார், ஏதாச்சும் சொன்னீங்களா? உங்க பக்கமா இருந்த காது போயிடுச்சுங்க சார், காய்ச்சல்ல. சுத்தமா கேக்காது. இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க."

சொல்லிவிட்டு, நல்ல காதை அவர் பக்கம் திருப்பி, மரியாதையாகக் குனிந்து நின்றாள்.

முதல்வர் சுந்தரமூர்த்தி எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார். "நல்லா படின்னு சொன்னேன்."